ஈ மொய்த்த பேபி கார்

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பழைய கார் ஒன்று நின்றிருந்தது. ஆசையாகக் கிட்டப் போனேன். உடம்பு முழுக்க ரோஸ் பெயின்ட். பானெட்டுக்குள் எஞ்சின் இல்லை. அந்தக் குழியில் பிளாஸ்டிக் பூவைத் திணித்திருந்தார்கள். உட்கார்ந்து போட்டோ பிடித்துக்கொள்வதற்காம். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் பிரியாணித் தட்டோடு ஏறி உட்கார்ந்து, கடித்த எலும்பை டாஷ்போர்டு மேல் வைத்துவிட்டுச் செல்பி எடுத்தான். வெயிலில் காய்ந்த ரெக்சினும் கறிக்கொழுப்பும் கலந்த வாடை குப்பென்று வந்தது. மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன். பெண்ணைப் பெற்றவருக்கு வருத்தம்தான். அவருக்கு எப்படிச் சொல்வது, இந்த வாடையை நான் நெய்வேலியிலேயே முகர்ந்தாயிற்று என்று? உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளின் கடைசி. நெய்வேலிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, நாங்கள் மூன்று பேர் ஒரு பேபி காரை வைத்திருந்தோம். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்புக்காரர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. பார்க்கப் போனபோது பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. எங்கள் வீட்டில் வடலூர் சன்மார்க்க வழி, புலால் கிடையாது. முட்டைகூட வாசற்படி தாண்டாது. நான் நாலடி தள்ளியே நின்றேன்.

"இன்னா சாமி, முட்டை கடிச்சிடுமா?" என்று சிரித்தான் ஏழுமலை.

ஏழுமலை பக்கத்து வடக்குத்துக் கிராமத்துக்காரன். மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் கூலி. முன்னே லாரியில் கிளீனராக இருந்து வண்டி ஓட்டப் பழகியவன். இன்னொருவர் எலெக்ட்ரீசியன் சங்கரலிங்கம், மதுரைப் பக்கம். நான் படித்தது எட்டாவது. கார்புரேட்டர் என்ற சொல்லுக்கு என் நாக்கு வளையவே ஒரு வாரம் ஆனது. அதனால் எனக்குத் துரு சுரண்டும் வேலை. அதோடு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்குமுன் பானெட்டுக்குக் கற்பூரம் காட்டும் வேலை. மூன்று பேருக்கும் ஷிப்ட் ஒத்துவருகிற ஞாயிறு அபூர்வம். அப்படி ஒத்துவந்தால் அன்று எங்களுக்குத் திருவிழா. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எதிர்வீட்டுக்காரர் கேட்பார்: "என்னய்யா, உங்க வண்டிக்கு இது எத்தனாவது மாசம்?"

வண்டியின் தரை துருவேறிச் சல்லடையாகிவிட்டது. தகரம் வைத்துப் பற்றவைக்கலாம் என்றேன். சங்கரலிங்கம் கேட்கவில்லை. நெய்வேலியில் எதற்கும் மருந்து, சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து தேய்ந்த கன்வேயர் பெல்ட் ரப்பர்தான். வீட்டு நடைக்கு அது, மாட்டுக் கொட்டிலுக்கு அது, செருப்புக்கு அது. கழிவு ஏலத்தில் எடுத்த பெல்ட்டை வெட்டித் தரைக்கு ஒட்டி, ஓரத்தையெல்லாம் நாலு விரல் உயரத்துக்கு மடித்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, "ஒரு சொட்டு கீழ இறங்குதா, பாருங்கப்பா" என்று மார்தட்டினார். இறங்கவில்லைதான். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியும் இல்லை என்பது எங்கள் மூன்று மண்டைக்கும் உறைக்கவில்லை.

எனக்கு இந்த வண்டி மேல் ஆசை வந்ததே என் மனைவி சிவகாமியால்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. தைப்பூசத்தன்று வடலூர் பஸ்ஸில் நல்ல கால் உள்ளவனே தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு வருஷம் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப்போய், நெரிசலில் இருவரும் விழுந்து பாதியில் திரும்பினோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து, பக்கத்திலேயே இருந்தும், சபையில் திரை விலக்கிக் காட்டும் ஜோதியை அவள் பார்த்ததில்லை. வண்டி ஓடத் தொடங்கினால் முதல் பூசத்துக்கு அவளைக் கூட்டிப்போவது என்று மூவரும் பேசி வைத்திருந்தோம்.

ஓடவும் செய்தது. பூசத்துக்கு முதல் நாள், குள்ளஞ்சாவடியில் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏழுமலை வண்டியைக் கேட்டான். கொடுத்தோம். விடிந்ததும் கொண்டுவந்து விட்டான்.

கதவைத் திறந்தேன். ஐயா, அந்த வாடை! சீட்டில் கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாய்க் காய்ந்திருந்தது. ரப்பர் தரையில் ரத்தம் தேங்கி, ஓரத்தில் ஏடு கட்டி நின்றது. நடுவில் ஒரு காதுத் துண்டு. கொட்டகை முழுக்க ஈ.

"இன்னாடா இது?" அவன் பாஷையே என் வாயில் வந்துவிட்டது.

"சூப்பர்வைசரு வூட்ல விருந்து சாமி. ரெண்டு ஆடு வெட்டியாரச் சொன்னாரு. பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான். மேல சொல்லி பர்மனென்ட் பண்றேன்னாரு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

கான்ட்ராக்டரின் ஆள் அந்த சூப்பர்வைசர். ஒருவனுடைய பிழைப்பைக் காட்டி ஆடு தின்கிற ஜன்மம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். சிவப்புத் தண்ணீர் தொட்டி மாதிரி நின்றதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. சங்கரலிங்கம் கத்தியை எடுத்து வந்து, தாம் ஒட்டிய ரப்பரைத் தாமே கிழித்தார். சாக்கடை போல் ஓடியது. சீட்டுக்குள் இருந்த தேங்காய் நார் குடித்தது குடித்ததுதான். நான் மூலையில் போய் வாந்தி எடுத்தேன்.

"இதுல போறதும் கசாப்புக் கடையில உக்கார்றதும் ஒண்ணு. இந்த வருஷம் வேண்டாம்," என்றேன்.

சிவகாமி புதுப்புடவையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து சீட்டில் விரித்தாள்.

"நடக்க முடியாதவதானே நான். அந்த ஆடும் நடக்க முடியாமத்தானே இதுல வந்துச்சு. அதுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கறேன். ஏழுமலை அண்ணே, வண்டிய எடுங்க."

சங்கரலிங்கம் ஷிப்டுக்குப் போய்விட்டார். வழியெல்லாம் ஈ எங்களோடே வந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தேன். அவள் என் தொடையைக் கிள்ளினாள். "முகத்த மூடாதீங்க. அவரு கண்ணாடியில பாக்குறாரு."

சபைக்கு வெளியே ஏழுமலை இறங்கவில்லை. "நான் கறி சொமந்தவன். நீங்க பாத்துட்டு வாங்க," என்றான். புலால் உண்பவர் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். நான் சிவகாமியை அணைத்துப் பிடித்துக் கூட்டத்துக்குள் நகர்த்திக்கொண்டு போனேன். நல்லவர்கள் வழிவிட்டார்கள். திரைகள் ஒவ்வொன்றாக விலகின. கண் மூடித் திறக்கும் நேரம்தான். "பாத்துட்டேன்," என்றாள். என் கையை விடவில்லை.

அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். நெற்றி நிறைய நீறு, கழுத்தில் மாலை, கைகூப்பி, கண்மூடி அந்த சூப்பர்வைசர். தின்றவன் உள்ளே, சுமந்தவன் வெளியே. சந்நிதியில் நின்றுகொண்டு எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. கடவுள் மன்னிக்கட்டும். இன்றைக்கும் தோன்றுகிறது.

தருமசாலையில் வாங்கிய சோற்றைச் சிவகாமி இலையோடு கொண்டுபோய் ஏழுமலையிடம் நீட்டினாள். மட்கார்டில் சாய்ந்து நின்றபடியே தின்றான்.

"ஜோதி தெரிஞ்சுதா தங்கச்சி?"

"நல்லாத் தெரிஞ்சுதுண்ணே."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. யாரும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. நாரைப் பிடுங்கிப் புது நார் திணித்தும் வெயில் ஏறினால் வாடை வந்தது. கடைசியில் பண்ருட்டி இரும்புக் கடைக்காரர் தூக்கிப் போனார். சூப்பர்வைசர் வேறு சைட்டுக்கு மாறிப் போனான். அவன் சொன்ன சொல்லும் அவனோடு போயிற்று. ஏழுமலை சாகும்வரை கான்ட்ராக்ட் கூலிதான். சங்கரலிங்கம் ரிட்டையராகி மதுரைக்குப் போனார். அங்கேயே காலமானார் என்று கேள்வி. சிவகாமியும் போய்ச் சேர்ந்தாள். கொட்டகை இருந்த இடத்தில் புல்லும் இல்லை. சூப்பர்வைசர் மட்டும் எந்த ஊரிலோ பேரன் பேத்தியோடு, கறி மணக்கும் வீட்டில், நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு நன்றாகத்தான் இருப்பான்.