உப்புப் பாத்தியில ஒரு ஃபைனல்

மழை விட்ட உப்பளத்துல காலை வச்சா முதல்ல ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் விரலுக்கு நடுவுல கருப்புச் சேறு புளிச்ச மாவு மாதிரி பிதுங்கிக்கிட்டு மேல வரும், அதுக்கப்புறம்தான் அந்த நாத்தம் மூக்குல ஏறும், அழுகின முட்டைக்கும் கருவாட்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி. பாண்டிக்குப் போற கார்க்காரங்க எங்க ஊரு தாண்டுற வரைக்கும் கண்ணாடிய ஏத்திக்குவாங்க. எனக்கு மட்டும் அந்த நாத்தம் வந்தா ஃபுட்பால் ஞாபகம் வரும்.

உடனே நான் ஏதோ பெரிய ஆட்டக்காரன்னு நினைச்சுக்காதீங்க. என் காலு ரெண்டும் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும், நடுவுல ஒரு பூசணிக்காய உருட்டி விட்டா எந்தக் காலுலயும் படாம அந்தாண்ட போயிடும், அதனால ஓட வராது, ஓட வராததால என்னை கோலியா நிக்க வச்சாங்க, பூசணிக்காயே போற எடத்துல பந்து போகாதா, அது பாட்டுக்குப் போகும். பசங்க எனக்கு "கேட்டு"ன்னு பேரு வச்சாங்க. ரயில் வராதப்ப தொறந்தே கெடக்குற கேட்டு. எட்டாவதோட ஸ்கூல் என்னை விட்டுச்சா, நான் ஸ்கூல விட்டேனான்னு எங்க வீட்டுல இன்னும் பஞ்சாயத்து முடியல, ஆனா அந்தப் பேரு மட்டும் என்னை விடவே இல்ல.

அந்த வருஷம் எங்களுக்கெல்லாம் ஐரோப்பா கப்பு பைத்தியம் புடிச்சிருந்துது. நாட்டு டீமுங்க ஆடுறது இல்லீங்க, அங்க ஊருக்கு ஊரு கிளப்பு இருக்குது, ஒவ்வொரு நாட்டுலயும் மேல வந்த கிளப்புங்க எல்லாம் சேர்ந்து வருஷம் பூரா ஆடுற கப்பு. நம்மூரு தூங்குற நேரத்துல நடக்கும். மறுநாள் சாயங்காலம் திருப்பிப் போடுவான், அதத்தான் நாங்க கூனிமேட்டுல யூனுஸோட அத்தா வச்சிருந்த பரோட்டா கடையில உக்காந்து பார்ப்போம். யூனுஸ் என் கிளாஸு, கூனிமேட்டுலேர்ந்து பஸ்ஸுல மரக்காணம் வந்து படிச்சவன், எங்க வயசுல பந்து அவன் சொன்ன பேச்சக் கேட்டுச்சு, எங்க பேச்ச கேக்கல. கடையில ஒரே ஒரு சட்டம், மேட்ச்சு ரிசல்ட்ட எவனும் முன்னாடியே சொல்லக்கூடாது. எல்லாரும் வாய மூடிக்குவாங்க. ஆனா பரோட்டா மாஸ்டர் காலையிலயே டிவி நியூஸ் பார்த்திருப்பாரு, அவரோட டீமு தோத்துப் போயிருந்தா அன்னிக்கு மாவ அடிக்கிற அடியிலயே எங்களுக்குத் தெரிஞ்சு போயிடும்.

அந்தக் கப்புல ஒரு வழக்கம் உண்டு. ஒரு மேட்ச்சு அவன் ஊர்ல, ஒரு மேட்ச்சு நம்ம ஊர்ல, ரெண்டையும் கூட்டிப் பார்ப்பாங்க. கூட்டினா சமமா வந்துதுன்னா, அடுத்தவன் ஊர்ல போய் எவன் கோல் அதிகமா போட்டானோ அவன் ஜெயிச்சவன். யூனுஸ் இத எனக்கு மூணு பரோட்டா முடியுற வரைக்கும் சொல்லிக் குடுத்தான். புரிஞ்சுதான்னு கேட்டான். புரியலன்னு சொன்னா நாலாவது பரோட்டா வருமோன்னு யோசிச்சேன்.

தை மாசத்துல டிவியில அந்தக் கப்புக்கு லீவு விட்டுட்டாங்க, அங்க பனியாம். எங்களுக்கு கை கால் நிக்கல. நாமளே ஒரு கப்பு வச்சிக்கலாம்னு யூனுஸ் சொன்னான். நாலு டீமு, அதே வழக்கம், எல்லாரும் எல்லாரோடயும் ஒரு மேட்ச்சு அங்க, ஒண்ணு இங்க, மேல வர்ற ரெண்டு டீமுக்கு ஃபைனல். கூனிமேட்டுக்கு கடற்கரை மணல் இருக்குது. எங்க டீமுக்கு "உப்பளம்"னு பேரு வச்சாச்சு, ஆட எடம்தான் இல்ல.

அதே நேரத்துல எங்க வீட்டுல வேற கப்பல் கவுந்துக்கிட்டு இருந்துது. அப்பாவுக்கு குதிகால்ல கிளிஞ்சல் ஏறி சீழ் வச்சிடுச்சு. உப்புத் தண்ணியில கால வச்சா அப்புறம் காலு உனக்கு இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தை மாசம்தான் பாத்தி மிதிக்கிற மாசம். மழைத் தண்ணிய எறைச்சிட்டு, சேத்த சமன் பண்ணி, ஒரு காலு பக்கத்துல இன்னொரு காலு, எடம் விடாம, தட்டுத்தட்டா மிதிச்சு தரைய இறுக்கணும். இறுகாத பாத்தியில தண்ணிய விட்டா தரை குடிச்சிடும், குடிச்சது போக மிச்சம் விளையுற உப்பு சேறு கலந்து கருப்பா வரும், அத மாடு கூட நக்காது. வாய்க்காலு தண்ணி முறை வச்சுத்தான் வரும். எங்க முறை வர்ற நாளுக்குள்ள மிதிச்சு முடிக்கலைன்னா அந்த வருஷம் எங்களுக்கு உப்பு கிடையாது, அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவங்க அளத்துல கூலிக்குத்தான் நிக்கணும். சொந்தக்காரங்க யாரும் வர முடியாது, அவங்கவங்க பாத்தியில அவங்கவங்க காலு. மிச்சம் இருந்தது அம்மாவோட ரெண்டு காலும், என்னோட இந்த வளைஞ்ச காலும்.

ரெண்டு நாள் மிதிச்சேன். மூணாவது நாள் என் மூளை வேலை செஞ்சுது, சோம்பேறித்தனம் முத்துனாதான் அது வேலை செய்யும். பத்து பசங்க ஆடினா இருவது காலு. நேரா யூனுஸ் கிட்ட போய், "மச்சான், எங்களுக்கு கிரவுண்டு கெடைச்சிடுச்சு"ன்னு சொன்னேன்.

அம்மா தலையில அடிச்சிக்கிட்டாங்க. அப்பா வலிக்கிற கால பிளாஸ்டிக் பையில சுத்திக்கிட்டு, வரப்பு மேல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு, கையில ஒரு சவுக்குக் கொம்பு. வரப்ப மிதிச்சவன் வெளிய போகணும்னு மட்டும் சொன்னாரு. உப்புக் கூடைய கவுத்து வச்சு கோல் கட்டினோம்.

முதல் மேட்ச்சு முடிஞ்சப்போ பாத்திய பார்த்து எனக்கே அழுகை வந்துடுச்சு. ஓடுறவன் காலு சேத்த இறுக்காதுங்க, கிளறி விடும். நடுவுல பூரா பள்ளம். நான் நின்ன கோல் வாசல் எருமை புரண்ட குட்டையா ஆயிடுச்சு, ஒவ்வொரு கோலுக்கும் நான் விழுந்து புரண்டிருக்கேன் இல்ல. மூணு மூலைப் பக்கம் ஒருத்தனும் போகல, அது பொங்கலுக்கு மொழுகின மாதிரி அப்படியே இருக்குது. அம்மா மம்புட்டிய எடுத்துக்கிட்டு பள்ளத்த மூட ஆரம்பிச்சாங்க. என் பக்கம் திரும்பாமலே, "உங்கப்பன் காலோட போச்சுன்னு நினைச்சேன், நீ பாத்தியவே வழிச்சு எடுத்துட்டே"ன்னாங்க.

அப்பா மட்டும் நொண்டிக்கிட்டே வரப்பு மேல நடந்து ஒரு மூலைக்குப் போனாரு. கொம்பால குத்திப் பார்த்தாரு. எறங்கல. திரும்பவும் குத்தினாரு. எறங்கல.

"ஏம்பா யூனுஸ், இங்க என்ன பண்ணீங்க?"

யூனுஸ் மண்டைய சொறிஞ்சான். "கோல் போட்டேன் இல்ல மாமா, டிவியில மூலைக்கு ஓடிப் போய் எல்லாம் கட்டிப் புடிச்சு குதிப்பாங்க. அது மாதிரி குதிச்சோம்."

"எவ்ளோ நேரம் குதிச்சீங்க?"

"இவன் கோலியா இருந்தா எவ்ளோ நேரம் வேணா குதிக்கலாம் மாமா."

அப்பா சிரிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியல, ஆனா அன்னிக்கே புதுச் சட்டம் போட்டுட்டாரு. ஓடக்கூடாது, ஓடினா ஃபவுல். நடந்துதான் ஆடணும், கால ஒட்டி ஒட்டி வைக்கணும். கோல் விழுந்தா ரெண்டு டீமும் சேர்ந்து அவரு கொம்ப காட்டுற எடத்துக்குப் போய், அவரு போதும்னு சொல்ற வரைக்கும் கொண்டாடணும். கோல் வாங்கினவன் எதுக்குக் கொண்டாடணும்னு எங்க கேப்டன் தேவா கேட்டான், அவன் என் பெரியப்பா பையன், சட்டம் பேசுறவன். "என் கிரவுண்டுல ஆடுறே இல்ல, அதுக்கு"ன்னாரு அப்பா.

அப்புறம் பாருங்க. உலகத்துலயே கோல் வாங்க வாங்க மதிப்பு ஏறின ஒரே கோலி நான்தான். பந்து என் காலுக்கு நடுவுல போகும், பத்துப் பேரும் மூலையில குதிப்பாங்க, எங்கம்மா வரப்புல நின்னுக்கிட்டு "இன்னொண்ணு விடு கண்ணு"ன்னு சொல்லுவாங்க. பெத்த தாயி. கோல் வாசல் கெட்டியாச்சு, நடு பாத்தி கெட்டியாச்சு, ஒவ்வொரு மூலையா இறுகிக்கிட்டே வந்துது. வாய்க்காலு பக்கத்து மூலை மட்டும் ஊத்து கசிஞ்சுக்கிட்டே இருந்ததால, அது கொஞ்சம் உலரட்டும்னு அப்பா கடைசிக்கு வச்சிருந்தாரு.

இதுல ஒரு கூத்து, எங்க டீமு ஃபைனலுக்கு வந்துடுச்சு. எப்படின்னு கேக்காதீங்க, நான் பத்து விட்டா தேவா பதினொண்ணு போட்டுடுவான். எதிர்ல கூனிமேடு. முதல் மேட்ச்சு அவங்க மணல்ல, ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டாவது எங்க பாத்தியில. மறுநாள் காலையில எங்க தண்ணி முறை.

ஆட்டத்துக்கு முன்னாடி தேவா எல்லாரையும் கூப்பிட்டு, "நாம அங்க போய் ஒரு கோல் போட்டிருக்கோம். இன்னிக்கு கோலே விழலைன்னா கப்பு நம்முது. எவனும் முன்னாடி போகாதீங்க, கூடை முன்னாடி சுவரா நில்லுங்க"ன்னு சொன்னான். எனக்கு அப்பத்தான் யூனுஸ் மூணு பரோட்டாவுக்கு சொல்லிக் குடுத்தது முழுசா புரிஞ்சுது. கூடவே இன்னொண்ணும் புரிஞ்சுது. கோல் விழலைன்னா கொண்டாட்டம் இல்ல. கொண்டாட்டம் இல்லன்னா வாய்க்கா மூலைய எவன் மிதிப்பான்?

அன்னிக்குன்னு பார்த்து எனக்கு சாமி வந்த மாதிரி. பந்து தானா வந்து என் மேல படுது. யூனுஸ் அடிச்சது என் வயித்துல பட்டு நின்னுது. இன்னொருத்தன் அடிச்சது முட்டியில பட்டு வெளிய போச்சு. அப்பா நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தாரு. அம்மா, "ஏண்டா, இத்தனை நாளு விட்டுட்டு இன்னிக்குத்தான் உனக்குப் புடிக்க வருதா"ன்னு கேட்டாங்க. பொழுது எறங்கிக்கிட்டே இருக்குது. தேவா என்னைப் பார்த்து கட்டை விரல காட்டுறான், என் ஜென்மத்துல எவனும் எனக்குக் கட்டை விரல் காட்டினது இல்ல. அந்தப் பக்கம் திரும்பினா, அப்பா வாய்க்கா மூலையவே பார்த்துக்கிட்டு இருக்குறாரு. கோல் விடுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெஃப்ரியா உக்காந்துட்டாரு, சொல்லல.

கடைசியா யூனுஸ் தனியா பந்தோட வந்தான், கால ஒட்டி ஒட்டி வச்சு. கப்பு போனா போகுது, உப்பு விளையட்டும்னு நான் முடிவு பண்ணிட்டேன், வழி விட்டுடலாம்னு பக்கவாட்டுல ஒரு எட்டு வச்சேன். வச்ச காலு வழுக்குச்சு. நான் தடால்னு விழ, அவன் அடிச்ச பந்து சரியா என் மண்டையில பட்டு வாய்க்காலுக்கே போயிடுச்சு. அப்படி ஒரு சேவ் டிவியில கூட எவனும் பண்ணினது இல்ல. கோல் விடுறதுல கூட ஃபெயிலான ஆளு நான்.

ஆட்டம் முடிஞ்சுது. எங்க பசங்க என்னைத் தூக்கப் பார்த்தாங்க, வழுக்கிக்கிட்டு முடியல. சந்தோஷத்துல எனக்கு மூலையும் ஞாபகம் இல்ல, உப்பும் ஞாபகம் இல்ல, வாயெல்லாம் சேறோட இளிச்சுக்கிட்டு நிக்கிறேன். கூனிமேட்டுப் பசங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு சட்டைய எடுக்க வரப்புக்குப் போறாங்க, அவங்களுக்கு பஸ்ஸுக்கும் நேரமாச்சு. யூனுஸ் கண்ணு கலங்கியிருந்துது. அவன் பாதி வழியில நின்னான். வாய்க்கா மூலைய பார்த்தான், அப்பாவோட கால பார்த்தான்.

"எங்கடா போறீங்க? கப்பு ஜெயிச்சா கொண்டாட வேணாமா?"

"நாம தோத்துட்டோம்டா"ன்னான் அவன் டீமுக்காரன் ஒருத்தன்.

"அவங்க ஜெயிச்சிருக்காங்க இல்ல, வாங்கடா."

முதல் ஆளா அந்த மூலையில போய் குதிச்சவன் அவன்தான். அப்புறம் அவங்க டீமு, அப்புறம் நாங்க, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து அளத்து ஆளுங்க, சேலைய தூக்கிச் செருகிக்கிட்டு எங்கம்மா. ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சிக்கிட்டு எடம் விடாம, "உப்பளம், உப்பளம்"னு தோத்தவன்தான் சத்தமா கத்துறான். பஸ்ஸு போயிடுச்சு. அப்பா குத்திப் பார்ப்பாரு, இன்னும் கொஞ்சம்பாரு, திரும்பவும் குதிப்போம். கடைசியில கொம்பு எறங்கல. அப்பா யூனுஸோட சேத்துக் கைய புடிச்சிக்கிட்டு, எல்லாரையும் சோறு சாப்பிட்டுத்தான் போகணும்னு சொன்னாரு. மறுநாள் விட்ட தண்ணி தரை குடிக்காம பாத்தியில நின்னுது. அந்த வருஷத்து உப்பு வெள்ளையா வந்துது, அம்மா முதல் கூடைய கூனிமேட்டு பரோட்டா கடைக்குத்தான் அனுப்பினாங்க.

இப்ப நான் லோடு வண்டி ஓட்டுறேன், அதே உப்ப மூட்டையா ஏத்திக்கிட்டு திண்டிவனம் போறேன். யூனுஸ் துபாய்ல இருக்கான். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வாய மூடிக்கிட்டு காத்திருந்து பார்க்குற வேலை இப்ப யாருக்கும் இல்ல, கோல் விழுந்தா நம்மள கேக்காமலே போன் சொல்லிடுது. அடுத்தவன் ஊர்ல போட்ட கோலுக்கு மதிப்பு ஜாஸ்திங்கிற அந்த சட்டத்தையும் எடுத்துட்டாங்க. யூனுஸ்தான் போன் பண்ணிச் சொன்னான், "இப்ப ஆடியிருந்தா உங்களுக்கு கப்பு இல்லடா கேட்டு"ன்னு. இப்ப ஆடியிருந்தா கூட நீ வந்து குதிச்சிருப்படான்னு சொல்லணும்னு நினைச்சேன், வெச்சிடுறேன் மச்சான் வண்டியில இருக்கேன்னு வச்சிட்டேன்.

அப்பா பாத்திய இன்னும் விடல, எங்களால தொத்திக்கிட்ட ஐரோப்பா கப்பு பைத்தியத்தையும் விடல. போன வருஷம் ஃபைனல என் போன்ல போட்டுக் காட்டினேன். ஜெயிச்சவங்க கும்பலா குதிச்சுக்கிட்டு இருக்காங்க, தோத்தவங்க தரையில அங்கங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்க. அப்பா கண்ணாடிய சரி பண்ணிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு.

"ஏண்டா, இவனுங்க ஏன் தனியா உக்காந்திருக்கானுங்க? எழுந்து போய் அவனுங்களோட சேர்ந்து மிதிக்க வேண்டியதுதான?"

"அந்த டீமுல யூனுஸ் இல்லப்பா"ன்னேன்.

"அதான் பார்த்தேன்"னு சொல்லிட்டு போன என் கையில குடுத்தாரு.