அண்ணனைத் தேடிய அம்மா

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிர்காற்றுக்குக் காது கொடுத்தபடி அந்த வெள்ளைக்கார அம்மா என் டாக்சியில் அமர்ந்திருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தொண்ணூறுகளில் நான் கனடாவில், ஸ்காபரோவில் டாக்சி ஓட்டினேன். தனியாக வசித்த அவரை ஞாயிறுதோறும் பக்கத்து ஊரான பிக்கரிங்குக்குக் கூட்டிப்போவேன். புதுவீடுகளுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒரு தெருவைச் சுற்றிவரச் சொல்வார். எந்த வீட்டுக்கும் போகமாட்டார்.

ஒருநாள் காரணம் கேட்டேன். முதல் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளில், அந்தத் தெரு இருக்கும் இடத்தில் அப்போதிருந்த குதிரைப் பந்தயத் திடலில் மோட்டார்ப் பந்தயம் வைத்தார்களாம். அவருடைய அண்ணனும் கார் ஓட்டினான். சிறுமியான இவரிடம் தன் கோட்டைக் கொடுத்து, "நான் வந்து நிற்கும்வரை வேலியை விட்டு அசையாதே" என்றானாம். எழுந்த புழுதியில், அவன் கார் கவிழ்ந்ததை ஒருவரும் காணவில்லை.

"அவன் செத்துக் கிடந்தபோதும் அவனுடைய கார் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? என்னை வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். அவன் இன்னும் நிற்கவில்லை" என்றார், பேருந்து பிந்துவதைச் சொல்வதுபோல.

மாசியில் ஒரு பின்னேரம் பனித்தூள் தெருவை மறைத்துப் பறந்தது. நிறுத்தச் சொன்னார். எஞ்சினை அணைத்தேன். அணைத்த பிறகும் ஓர் எஞ்சின் சத்தம் வளைவைச் சுற்றி நெருங்கி வந்து, எங்களருகே இருமி அடங்கியது. தெருவில் ஒரு காருமில்லை. அம்மா இறங்கி, மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். பிறகு மெல்லச் சாத்திவிட்டுத் தன் பக்கம் வந்து ஏறினார்.

"வீட்டுக்குப் போகலாம்."

வழி முழுக்க நான் பின்கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் காரில் ஏறிய மனைவி மூக்கைப் பொத்தினாள். "என்னப்பா, எண்ணெய் கருகின மணம்? ஆரை ஏத்தினனீங்கள்?"

"ஒரு மனிசியைத்தான்."

அடுத்த ஞாயிறு அம்மா அழைக்கவில்லை. நானே போன் எடுத்தேன். "இனித் தேவையில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். குரலில் ஒரு சிறுமியின் குதூகலம்.

இப்போது அஜக்ஸில் மகளோடு இருக்கிறேன். மனைவி காலமான பிறகு, மகளின் காரில் ஏறுமுன் மறுபக்கக் கதவையும் திறந்து சற்று நிற்கிறேன்.

"அப்பா, குளிருது. ஆருக்கு வெயிட் பண்ணுறீங்கள்?"

"ஒருத்தருக்குமில்லை" என்று சாத்திவிடுவேன். இதுவரை யாரும் வந்து ஏறியதாகத் தெரியவில்லை.