பங்களா முதலாளியின் கை

சாரல் நாளில் எங்கள் ஊர்ப் பங்களாவில் சினிமா எடுக்க வந்தார்கள். அதன் தென்னந்தோப்பில் வேலைபார்த்த அப்பாவையே பண்ணையாள் வேஷத்துக்குப் பிடித்துப்போட்டார்கள். ஜமீன்தாராக நடித்தவருக்கு அப்பாவை அறையக் கை வரவில்லை. ஒவ்வொரு தடவையும், "ஸாரி அண்ணாச்சி" என்றார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பங்களா முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க தம்பி. ஏலே, இங்கன வா."

யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்பா தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கன்னம் வாகாக இருக்கும்படி குனிந்தார். ஓங்கி ஒரு அறை.

டைரக்டர் கைதட்டினார். "சார், கேமராவில உங்க கை மட்டும் தெரிஞ்சாப் போதும். இன்னொரு தடவை!"

அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் வந்ததும் பார்த்தேன். அறைக்குச் சத்தம் தனியாகச் சேர்த்திருந்தார்கள். அப்பா வாங்கியது போதவில்லையாம்.