கரண்ட் போனதும் வந்த மாப்பிள்ளை

வெள்ளிமலை பஸ்ஸில் இன்று, வருடக்கணக்காக டிவியில் ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமை காமெடி நிகழ்ச்சியைப் போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வர்ற காமெடிதானே? முடிவ மட்டும் பாத்ததே இல்லீங்க. எத்தினி வாட்டி போட்டாலும், பஜ்ஜித் தட்டு வர்றப்போ எங்க மலையில கரண்டு பூடும்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"மீதிய வூட்லயே நடிச்சிப்போம். எங்க மாமியாரு துண்ட தலையில கட்டிக்கினு மாப்பிள்ளையா வரும்."

முடிவைப் போட்டுக் காட்டினேன். அக்கா சிரிக்கவே இல்லை.

"இவ்ளோதானா? எங்க மாமியாரு பொண்ண வுட்டுட்டு, பஜ்ஜிய மடியில கட்டிக்கினு ஓடும்ங்க!"

பஸ்ஸே சிரித்தது.

ஒரு வாரம்கூட விடாமல் பார்த்த ரசிகன் நான். கரண்ட் போகாத தெருவில் பிறந்து வீணாய்ப் போனேன்.

கரண்ட் போனால் உங்கள் வீட்டில் யார் மாப்பிள்ளை?