கார்வையில் விழுந்த பிழை

நேற்றுக் காலை எங்கள் பாடற்குழு அன்பர் ஒருவர் பதிகங்கள் அனைத்தையும் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். விரல் பட்டதும் விரிந்துவிட்டது. அதற்குள்ளாகவா என்று எனக்குச் சற்று ஏமாற்றம். இப்படி ஒரு கோப்பை விரிக்க நான் ஒன்பது நாள் பாடுபட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மணலி ஆலையில் எழுத்தராக இருந்தபோது, உணவு இடைவேளைகளில், பதிகங்களுக்கு என் மனைவி கற்பகம் அமைத்த மெட்டுகளை அலுவலகக் கணினியில் சுரக்குறிப்பாகப் பதிந்துவந்தேன். சுரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. அது கார்வையாக நீளும்போது ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு காற்புள்ளி. அந்தக் கணினியை அப்புறப்படுத்திய நாளில், எல்லாவற்றையும் சுருக்கி ஒரே ஃபிளாப்பியில் அடக்கிக்கொண்டு பெருமிதத்துடன் திருவொற்றியூர் திரும்பினேன். வீட்டில் இருந்ததோ கப்பல் சரக்காக வந்த பழைய கணினி. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தால் சூடேறிய தூசி மணக்கும். சுருக்கியதை விரிக்கும் நிரல் அதற்குக் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதே வாரம் மருத்துவர் கற்பகத்தின் குரல்நாணைச் சோதித்துவிட்டுப் பேச்சையும் பாட்டையும் நிறுத்திவிட்டார். பங்குனி உற்சவத்தில் குழு அவள் மெட்டில் பாட வேண்டுமானால் அந்த ஃபிளாப்பிதான் கதி.

கணினிக்கு ஃபிளாப்பி டிரைவ் பொருத்தித் தந்தவர் இராயபுரத்தில் டிவி பழுதுபார்த்த காதர் பாய். "மூட்டை கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு அவுக்கத் தெர்லியா சாமி? பேஜாரா பூட்ச்சே."

"கேலி பண்ணாதீங்க பாய். உற்சவத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு."

சுருக்கும் நிரலின் விளக்கத்தாள் என்னிடம் இருந்தது. படித்ததும் சிரிப்பு வந்தது. பதிகப் புத்தகத்தில் ஈற்றடியை முதற்பாட்டில் மட்டும் முழுதாக அச்சிட்டு, பிறகு முதற்சொல்லோடு நிறுத்துவார்கள் அல்லவா? அதேதான். முன்பே வந்ததை மீண்டும் எழுதாமல், 'இத்தனை எழுத்து பின்னே போ, இத்தனை எழுத்து எடு' என்று குறித்துவைக்கிறது. ஐம்பது ஆண்டாக ஓதுகிறவனுக்கு இதுவா கடினம் என்று அந்த முறையைப் பழைய கணினியின் மொழியில் எழுதினேன்.

எட்டாம் நாள் கோப்பு விரிந்தது. ஆனால் நடுநடுவே பூச்சி ஊர்ந்தாற்போல் குப்பை எழுத்துகள்.

"மெஷினு நல்லாத்தான் கீது. உன் கணக்குதான் கலீஜாகீது," என்றார் காதர் பாய்.

கற்பகம் திரையின் முன் அமர்ந்து என் தோளில் தாளம் போட்டபடி வாசித்தாள். குப்பை வந்த இடத்தில் அவள் கை நிற்கவில்லை. எண்ணிக்கொண்டே போய் அடுத்த சுரத்தில் இறங்கியது. அடுத்த குப்பையிலும் அவ்வாறே. பிழை எல்லாம் நெடுங்கார்வைகளில்தான் என்று எனக்குப் புரிந்தது. சுருக்கிய கோப்பில் அங்கே எழுதப்பட்டிருந்தது ஒரே காற்புள்ளி. 'ஒன்று பின்னே போ, பதினொன்று எடு' என்பது கட்டளை. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படியெடுத்தால் இப்போது எழுதிய காற்புள்ளியே அடுத்ததற்கு மூலமாகி, ஒன்று பன்னிரண்டாகும். நானோ, எச்சரிக்கை என்று எண்ணிக் கடைசியிலிருந்து படியெடுத்து, இன்னும் எதுவும் எழுதப்படாத இடத்தில் கிடந்த வெறுங்குப்பையை வாரியிருந்தேன். மறுநாள் திசையை மாற்றினேன். காற்புள்ளிகள் வரிசையாக வந்து நின்றன.

"இன்னா சாமி, இத்துனூண்டு கமாவுக்கா இந்தப் பாடு?" என்றார் பாய். கற்பகம் ஓசையின்றிச் சிரித்தாள்.

உற்சவத்தில் குழு பாடியது; அவள் முன்வரிசையில் தாளம் போட்டாள்.

காதர் பாயின் கடையில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. கணினி பழைய இரும்போடு போயிற்று. கற்பகமும் இறைவனடி சேர்ந்துவிட்டாள். நேற்று மாலை, வந்த கோப்பைப் பார்த்துப் பாடினோம். அதில் வரிகள் மட்டுமே இருந்தன. ஈற்றடியின் நெடுங்கார்வையை மற்றவர்கள் சட்டென்று முடித்துவிட்டார்கள். நான் பன்னிரண்டையும் எண்ணிவிட்டுத்தான் இறங்கினேன்.