ஃப்ரீஸர் பனியில் சாயம்

போன வாரம் வீட்டுக்குப் புது ஃப்ரிஜ் வந்தது. "இதுல பனியே கட்டாது சார்" என்று பெருமையாகச் சொன்னார் கொண்டுவந்தவர். நல்லதுதான்... ஆனால் எனக்கு ராஜியின் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளில் துபாய் சத்வாவில் இருந்தோம். எதிர் ஃப்ளாட்டில் ராஜி – மதுரைப் பெண். கணவர் சுந்தரத்துக்கு ராஸ் அல் கைமா சிமென்ட் ஃபாக்டரியில் இன்ஜினீயர் வேலை. வாரம் முழுக்க சைட்தான். அங்கே வெள்ளி லீவு என்பதால் வியாழன் சாயங்காலம் வந்து இறங்குவார்.

ராஜிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. பிறக்கப் போகிற பிள்ளைக்கென்று வாங்கிய வெள்ளை மல் துணி அலமாரியிலேயே கிடந்தது. "யாருக்காவது குடுத்துடும்மா" என்றாள் என் மனைவி. "தூக்கிப் போட்டுடு ராஜி, கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு" என்றார் சுந்தரம். நானும் என் பங்குக்கு ஏதோ தத்துவம் பேசினேன். அவள் துணியை மடித்து மறுபடி அலமாரியிலேயே வைத்தாள்.

ஒரு புதன்கிழமை கதவைத் தட்டினாள். கையில் பெரிய கிண்ணம்.

"அண்ணே, உங்க ஃப்ரீஸர்ல பனி இருக்கா?"

"எதுக்கும்மா?"

"அந்தத் துணிக்குச் சாயம் போடணும். எங்க வீட்டுப் பனி பத்தல."

கனடாவில் இருக்கும் அவள் தங்கை, வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியை அள்ளி இப்படிச் சாயம் ஏற்றுவாளாம். துபாயில் வாசலில் என்ன கிடக்கும்? மணல்தான். ஆகவே எங்கள் ஃப்ரீஸரைச் சுரண்டிக் கொடுத்தோம்.

சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறிய துணியைப் பிழிந்து, பிளாஸ்டிக் தொட்டியின் மேல் கம்பி வலை வைத்து, அதில் சுருக்கிப் பரப்பினாள். அதன் மேல் பனி. பனியின் மேல் சாயப்பொடி – நீலம், கொஞ்சம் மஞ்சள். அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. பனி உருக உருக, சாயம் தன் இஷ்டத்துக்குக் கீழே இறங்கும்.

"எப்படி வரும்னு தெரியாதா?" என்று கேட்டாள் என் மனைவி.

"தெரியாதுக்கா."

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி உருகியபோது அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான். யாரும் சமாதானம் சொல்லவில்லை. பனியும் கரைந்து முடிந்தது.

மறுநாள் சுந்தரம் வந்தபோது பால்கனிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நீலத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை.

"புதுசா?"

"இல்லங்க. அதேதான்."

துணியின் நுனியைப் பிடித்து விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு ஒரு சட்டை தேறுமா?" என்றார்.

தேறியது. சத்வா டெய்லர் தைத்துக் கொடுத்ததை அடுத்த வாரமே டூட்டிக்குப் போட்டுக்கொண்டு போனார். "பெயின்ட் கொட்டிடுச்சா சார்?" என்று சைட்டில் கேட்டார்களாம். "இல்லப்பா, வீட்ல சாயம் போட்டது" என்றாராம்.

கொடுத்துவிடு, தூக்கிப் போடு என்று சொல்ல, சுந்தரத்தையும் சேர்த்து நாங்கள் அத்தனை பேர் இருந்தோம். போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தோன்றியது.