மீன் தொட்டிக்குப் போன ஸ்வெட்டர்

விவேக் நகர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருந்த வருஷங்களில், தண்ணீரைப் பற்றிப் பேசி என்னை ஜெயித்தவர் யாருமில்லை. தொழிற்சாலையில் பாய்லர் தண்ணீரின் அமிலத்தன்மையைத் தினமும் அளப்பதுதான் என் வேலை. தொட்டித் தண்ணீரையும் சின்னக் குப்பியில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். நீலம் என்றால் காரம், மஞ்சள் என்றால் அமிலம், நடுவில் வருகிற பச்சைதான் எனக்கு வேண்டியது.

தொட்டியில் இருந்தவை இரண்டே ஏஞ்சல் மீன்கள். மகளுடையவை. சென்னை ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "கிறிஸ்துமசுக்கு வர்றப்ப ரெண்டும் இருக்கணும்ப்பா" என்றாள். "உங்கப்பன் யாருன்னு நினைச்சே?" என்றேன்.

தொட்டிச் செடிகள் செழிக்கக் கரியமில வாயு வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்ட்டும் போட்டு, குழாய் வழியாக வாயுவைத் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். அது கரைந்தால் தண்ணீர் கொஞ்சம் புளிக்கும். அளவு மிஞ்சினால் மீனுக்கு மூச்சுத் திணறும். எனக்காவது, அளவு மிஞ்சுவதாவது!

டிசம்பர் குளிரில் பாட்டில் தூங்கிவிட்டது, ஒரு குமிழி இல்லை. என் மனைவிக்கும் மாவு பொங்காத அதே தொல்லைதான். அதனால் எங்கள் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரம் மகளின் பழைய பள்ளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருக்கும். மகள் வருவதற்கு முந்தின சாயங்காலம் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி, ஸ்வெட்டரைக் கழற்றி இரண்டுக்கும் சேர்த்துப் போர்த்தினேன். தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டாரின் குமிழிகள் வாயுவை விரட்டிவிடக் கூடாதென்று அதையும் நிறுத்தினேன்.

"என்னங்க, மாவு பொங்காதுங்க."

"மாவைப் பொங்க வைக்கிறதும் இதே வாயுதான், தெரியுமா?" என்று பாடம் வேறு நடத்தினேன்.

காலையில் பார்த்தால் இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. குப்பியில் மருந்து விட்டேன், பளிச்சென்று மஞ்சள். குழாயைப் பிடுங்கினேன். மோட்டார் சுவிட்சைத் தட்டினேன், கரண்ட் இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் பிள்ளை வந்து நிற்பாள், என்ன சொல்வேன்? அமிலத்தை முறிக்கச் சமையலறைக்கு ஓடிச் சோடா உப்பை எடுத்தேன்.

மனைவி கையைப் பிடித்தாள். "ஒரேயடியா மாத்தினா மீன் தாங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உள்ள இருக்கிறது காஸ்தானே? ஆத்துங்க, போயிடும்."

ஒரு சொம்பை என் கையில் திணித்து, இன்னொன்றை அவள் எடுத்துக்கொண்டாள். தொட்டித் தண்ணீரையே மொண்டு, காபி ஆற்றுவது போல உயரத்திலிருந்து ஊற்றினோம். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவள் நிறுத்தவில்லை, அதனால் நானும் நிறுத்தவில்லை. மஞ்சள் மெல்லப் பச்சைக்கு வந்தது. சாய்ந்திருந்த மீன் நிமிர்ந்து வாலை ஆட்டியதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் பையைக்கூட இறக்காமல் தொட்டியிடம் போனாள். "ரெண்டும் சூப்பரா இருக்கேப்பா!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இட்லி எடுத்து வைத்தாள்.

"என்னம்மா, இட்லி கல்லு மாதிரி இருக்கு?"

"குளிர்டி. மாவு பொங்கல" என்றவள், என் தட்டில் மேலும் இரண்டை வைத்தாள்.

வாயே திறக்காமல் எட்டு இட்லி தின்றேன்.